குளிரில் சார்ஜ் ஏறாது

ஹம்பி
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

யுவஸ்ரீ எழுதிக்கொள்வது. நானும் அவரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்கள், அண்ணி, பாப்பா எல்லோரும் சுகந்தானே? முட்டி வலி குறைந்திருக்கிறதா?

போன் போடாமல் மெயிலில் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போனில் பேச ஆரம்பித்தால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. கிளம்பிய அன்றைக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் நீங்களும் அவரும் பேட்டரிக்காகப் போட்ட சத்தம் மேட்டுப்பாளையம் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். எழுதினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நிதானம் வரும்.

வேனை வீடு மாதிரி ஆக்கி நீங்கள் மாட்டிக் கொடுத்த எல்லாமே ஒழுங்காக ஓடுகிறது. இங்கே பாறைகள் கொதிக்கின்றன. பேட்டரியில் ஓடும் மருந்துப் பெட்டிக்குள் என் இன்சுலின் குளுகுளுவென்று இருக்கிறது. வெயிலில் குளிரவைக்கும், குளிரில் வெதுவெதுப்பாக வைக்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை.

அவர் மதியத்துக்கு மேல் பின்பக்கம் பலகையை விரித்து லேப்டாப்போடு உட்கார்ந்தால் இரவு வரை ஆபீஸ் வேலைதான். அமெரிக்காக்காரர்களோடு பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் காலையில் பார்க்கும்போது பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வண்டி ஓட ஆரம்பித்ததும் ஏறிக்கொள்கிறது. நீங்கள் கேட்டபடி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன்.

வகுப்பில் இத்தனை வருடமாகக் கரும்பலகையில் சட்லெஜ் நதியை வரைந்து காட்டியாயிற்று. பள்ளியில் கேட்டு வாங்கிய இந்த நீண்ட லீவு முடிவதற்குள் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புத் தங்கை
யுவா


துடியலூர்
16 ஆகஸ்ட் 2024

அன்பு அம்மணிக்கு,

அண்ணன் கௌதமன். இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து எழுகிறவனுக்கு அது இருக்கத்தான் செய்யும். மாப்பிள்ளைக்கு மிளகுப் பால் போட்டுக் கொடு.

சண்டை போட்டது போட்டதுதான். ஆனால் அன்றைக்கு நான் சொன்னதை நீயாவது மனதில் வைத்துக்கொள். நான் கேட்டது ஈய பேட்டரி. தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஆனால் எந்தக் குளிரிலும் சார்ஜ் வாங்கும். மாப்பிள்ளை லித்தியம்தான் என்று நின்றார். அதுவும் நல்ல சாமான்தான். எடை இல்லை, வேகமாக ஏறும், கடைசி வரைக்கும் சக்தி குறையாமல் தரும். ஆனால் தண்ணீர் உறைகிற குளிர் வந்துவிட்டால் அது கொடுக்குமே தவிர வாங்காது. கெட்டுப்போகக் கூடாதென்று அதற்குள் இருக்கும் போர்டே தடுத்துவிடும். நாள் முழுக்க நீ ஓட்டினாலும் சார்ஜ் ஏறாது.

இன்னொன்று. முன்னால் இருக்கும் பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும். இன்சுலின் பெட்டி, டீசல் ஹீட்டர், லைட், லேப்டாப் எல்லாம் பின்னால் இருக்கும் லித்தியத்தில் ஓடுகிறவை. என்ன அவசரமானாலும் முன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடாதே. பாட்டுக் கேட்டே பேட்டரியை இறக்கிவிட்டு வால்பாறை கொண்டை ஊசி வளைவில் நிற்கிறவர்களை நான் அடிக்கடி போய் எடுத்து வருகிறேன். அங்கேயாவது பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிவிடுவார்கள். நீ போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அம்மா காங்கேயத்திலிருந்து வந்திருந்தாள். எண்ணெய் மில் களத்தில் வேலை நிறைய. தேங்காய் உடைத்து உடைத்துக் கையெல்லாம் வெடிப்பு. “மாப்ள கூட இருக்கறாருங்கற தைரியத்துலதான் அவள உட்டேன். இல்லாட்டி உட்டிருப்பனா?” என்றாள். நீ வேளைக்குச் சாப்பிடுவதைச் சொன்னேன்.

மழையில் பார்த்து ஓட்டுங்கள்.

அண்ணன்
கௌதமன்


போபால்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா?

வழியெல்லாம் மழை. நர்மதையைத் தாண்டும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் போகிறது.

பேட்டரி நன்றாக நிற்கிறது. காலையில் பார்த்தால்கூட முக்காலுக்கு மேல் இருக்கிறது. உங்கள் கைராசிதான். அம்மா கைக்கு இரவில் விளக்கெண்ணெய் தடவச் சொல்லுங்கள். தொண்டையெல்லாம் சரியாகிவிட்டது.

யுவா


துடியலூர்
6 செப்டம்பர் 2024

அன்பு அம்மணிக்கு,

இங்கே சௌக்கியம். நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. அண்ணி கொழுக்கட்டைக்கு மாவு இடிக்கிறாள். உன் கடிதம் என்ன, இப்படிப் போஸ்ட் கார்டு மாதிரி இருக்கிறது? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

எனக்குப் பேட்டரிக் கணக்கு இடிக்கிறது. ஹம்பியில் காலையில் பாதிக்கும் கீழே நின்றது, போபாலில் முக்காலுக்கு மேல் எப்படி நிற்கும்? ஒன்று, மீட்டர் பொய் சொல்கிறது. இல்லையென்றால் ஏதோ ஒரு கனெக்‌ஷன் விட்டுப்போய், பெட்டி ஓடாமல் கிடக்கிறது. பெட்டிக்குள் கை வைத்துப் பார், குளிர்ச்சி இருக்கிறதா என்று. மீட்டரை எப்படிச் சரிபார்ப்பதென்று மாப்பிள்ளைக்குச் சொல்லலாமென்று போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது. கூப்பிடச் சொல்.

அண்ணன்
கௌதமன்


துடியலூர்
22 செப்டம்பர் 2024

யுவாவுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் போட்டால், “நல்லா இருக்கறேண்ணா, டவர் இல்ல, எழுதறேன்” என்று சொல்லிக் கட் செய்துவிட்டாய்.

நம் கடையில் உன் வண்டியில் இருப்பது போலவே ஒரு பேட்டரி வந்திருந்தது. அதில் ஒரு பெட்டியையும் லைட்டையும் மட்டும் மாட்டி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் முக்காலுக்கு மேல் நின்றது. அடுத்த நாள் லேப்டாப், பெரிய திரை, ஃபேன் எல்லாம் மாட்டி ஓடவிட்டேன். பாதிக்குக் கீழே போனது.

உன் மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, அம்மணி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை வண்டியில் இருக்கிறாரா?

கௌதமன்


சண்டிகர்
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதை முதலில் நம்புங்கள்.

அவர் இல்லை. நாக்பூரில் இறங்கிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் விடியற்காலை எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. இரவு சரியாகச் சாப்பிடவில்லை, ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். நினைவு வந்தபோது வாயில் வெல்லம், முகமெல்லாம் பிசுபிசுப்பு. அவர் கதவோரமாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இது புதிதா, அண்ணா? பதினொரு வயதிலிருந்து நாம் பார்க்காததா? அவருக்குப் புதிது.

“திரும்பிரலாம் யுவா. நீ தூங்கறப்பெல்லாம் மூச்சு இருக்குதான்னு பாத்துட்டே கிடக்க என்னால முடியாது,” என்றார். நான் திரும்ப மாட்டேன் என்றேன். “அப்ப நான் எறங்கிக்கறேன்,” என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நாக்பூர் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். கோபமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. குனிந்த தலையோடு போனார். இப்போது பெங்களூரில் நண்பர் வீட்டில் இருக்கிறார்.

அவர் கூட இருப்பதால்தான் அம்மா என்னை விட்டாள். தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

யுவா


துடியலூர்
28 செப்டம்பர் 2024

யுவாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தொட மனம் வரவில்லை.

திரும்பி வா. சண்டிகரிலேயே நில். நான் வந்து வண்டியை ஓட்டி வருகிறேன்.

மாப்பிள்ளையிடம் பேசினேன். இந்தத் தடவை போனை எடுத்தார். வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “மச்சான், அன்னைக்கு அவ கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா நான் யாருன்னு அவளுக்குத் தெரியல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லீங்க,” என்றார். ஆனாலும் தனியாக விட்டுவிட்டுப் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்றைக்கு அம்மா வந்தாள். “மாப்ள ஏன் ஒரு போனு கூடப் பண்றதில்ல?” என்று கேட்டாள். டவர் இல்லீங்கம்மா என்றேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் ஒரே டவருதானே, அவ மட்டும் பேசறா?” என்றாள். பாப்பா பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்லிக் காப்பாற்றினாள்.

நீ திரும்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இதையும் எழுதுகிறேன். பேட்டரியைச் சுற்றிக் கம்பளி போட்டு வை. பெட்டியை மட்டும் நம்பாதே. ஒரு இன்சுலின் பேனா எப்போதும் உன் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் உதவாது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் தண்ணீர் என்றைக்குக் கட்டியாகிறதோ அன்றைக்கே கீழே இறங்கிவிடு.

கௌதமன்


கல்பா
13 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் எல்லோருக்கும் ஆயுத பூஜை நல்லபடி நடந்ததா? கடைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தீர்களா? உங்களைச் சண்டிகருக்கு வரவிடாமல் நான் கிளம்பி வந்துவிட்டேன். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சட்லெஜைப் பார்த்துவிட்டேன். நான் பலகையில் நீலச் சாக்பீஸில் ஒரு வளைவு போடுவேனே, அது இல்லை இது. சாம்பல் நிறத்தில், காது அடைக்கிற இரைச்சலோடு, பாறையை உடைத்துக்கொண்டு போகிறது. கீழே இறங்கிப் போய்க் கையை நனைத்துக்கொண்டேன். விரல் மரத்துவிட்டது.

ஊட்டி டூர், காலேஜ் ட்ரிப் என்று என்னைப் பார்த்துப் பயந்தவர்களுக்காக நான் எத்தனையோ முறை வீட்டில் நின்றிருக்கிறேன். இந்த முறை பயந்தவர் இறங்கிக்கொண்டார். நான் இறங்கவில்லை. அவ்வளவுதான், அண்ணா. இதில் வீம்பு ஒன்றுமில்லை.

பேட்டரிக்குக் கம்பளி சுற்றியிருக்கிறேன். மதிய வெயிலில் ஓட்டினால் ஏறுகிறது, காலையில் ஏற மறுக்கிறது. பேனாவை இடுப்பில் துணியில் கட்டி வைத்திருக்கிறேன். இங்கிருந்து மேலே பனிமலைக்குள் இருக்கும் காஸா என்ற ஊர்வரை போய், சில நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறேன். அங்கே நெட் வராதாம்.

யுவா


துடியலூர்
31 அக்டோபர் 2024

யுவாவுக்கு,

இன்றைக்குத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்கத்தான் நினைக்கிறேன். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்றே தெரியவில்லை.

நீ கல்பாவிலிருந்து எழுதியதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஹிந்தியில் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் சீக்கிரமே பனி விழ ஆரம்பித்துவிட்டதாக டிவியில் சொன்னான். வெளியே பாப்பா மத்தாப்புக் கொளுத்துகிறாள். எனக்கு ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் தூக்கிப் போடுகிறது.

அம்மா பலகாரத்தோடு மதியம் வருகிறாள். இனிமேல் அவளிடம் பொய் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன்.

இதைப் படித்தால் உடனே கூப்பிடு.

கௌதமன்


2 நவம்பர் 2024

யுவா, அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன் நம்பர் வாங்கிப் பேசினேன். மேல் ரோடு அடைத்திருக்கிறதாம், உன் வண்டியைப் பற்றித் தெரியாதாம். அம்மா இங்கேயேதான் இருக்கிறாள். சொல்லிவிட்டேன். என்னோடு அவள் பேசவில்லை.


ராம்பூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் உங்களால் பேச முடியவில்லை. நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன். இடது கையில் ஒரு வெட்டுக்காயம், தையல் போட்டிருக்கிறார்கள்.

காஸாவில் நினைத்ததைவிடக் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. பாட்டில் தண்ணீர் கட்டியான அன்றைக்கே இறங்கியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். வண்டியை ஓட்டினாலும் சார்ஜ் ஏறவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் பெட்டியில் சத்தமே இல்லை. திறந்து பார்த்தேன். மருந்து எல்லாம் பனிக்கட்டி. இடுப்பில் இருந்த ஒரு பேனா மட்டும்தான் மிச்சம். காஸாவில் விசாரித்தேன், என்னுடைய மருந்து கிடைக்கவில்லை. உடனே கிளம்பினேன்.

நாக்கோ என்ற ஊருக்கு முன்னால் மலை சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. திரும்பலாமென்றால் பின்னால் பனி ஏறிவிட்டது. மனித நடமாட்டம் இல்லை. டீசல் கால் டேங்குக்கும் கீழே. ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டுச் சூடு வாங்கினால் டீசல் தீர்ந்துவிடும். டீசல் ஹீட்டர் என்றால் கொஞ்சமாகத்தான் குடிக்கும், ஆனால் அது ஓட லித்தியத்தில் கரண்ட் வேண்டும். அதில் சொட்டு இல்லை.

முன் பேட்டரியிலிருந்து இழுத்துவிடலாமென்று ஒயரைக் கையில் எடுத்துவிட்டேன், அண்ணா. அது இறங்கிவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கீழே வைத்துவிட்டேன்.

பிறகு பின்னால் இருந்த பேட்டரியை நானே கழற்றினேன். விரல் மரத்திருந்ததால் ஸ்பானர் நழுவிக் கை கிழிந்தது. தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டுக்குக் கீழே, இன்ஜின் சூடு அடிக்கிற இடத்தில் வைத்து, ஸ்வெட்டரைப் போர்த்தினேன். இன்ஜினை ஓடவிட்டேன். சைலன்சரைப் பனி மூடினால் புகை உள்ளே வந்துவிடும் என்று நடுநடுவே இறங்கிப் போய்க் கையாலேயே பனியைத் தள்ளினேன். பேட்டரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் குளிர் விட்ட பிறகு திரும்பப் பின்னால் கொண்டுபோய் மாட்டினேன். சார்ஜர் விளக்கு பச்சையானது. கொஞ்சம் ஏறியதும் இன்ஜினை நிறுத்தினேன். ஹீட்டர் விடியும்வரை ஓடியது.

அந்த இரவில் தூங்கப் பயமாக இருந்தது. தூங்கினால் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பிஸ்கட்டை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் எதைக் கண்டு நடுங்கினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததற்காகக் கோபம் போய்விடவில்லை.

மறுநாள் ரோடு சுத்தம் செய்கிறவர்கள் ஜேசிபியோடு வந்தார்கள். ஒரு அம்மா என் கையைத் தன் தலைத்துணியால் கட்டிவிட்டு ஏதோ திட்டினாள். பாஷை புரியவில்லை, திட்டு புரிந்தது. பேனா தீர்கிற நேரத்தில் ராம்பூர் வந்து சேர்ந்தேன். இங்கே மருந்து கிடைத்துவிட்டது.

ஈய பேட்டரியாக இருந்தால் அந்தக் குளிரிலும் சார்ஜ் ஏறியிருக்கும். ஆனால் இருந்த இடத்தைவிட்டு அதை என்னால் அசைத்திருக்க முடியாது. ஆகவே உங்கள் சண்டையில் ஜெயித்தது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அம்மா என்ன சொன்னாள் என்று போனில் நீங்கள் சொல்லவில்லை. கை ஆறியதும் சண்டிகருக்கு இறங்குவேன்.

யுவா


துடியலூர்
7 நவம்பர் 2024

அன்பு அம்மணிக்கு,

கைக்காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். சர்க்கரை உடம்பில் புண் ஆற நாளாகும் என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

தீபாவளி அன்றைக்கு நான் எல்லாவற்றையும் சொன்னபோது அம்மா முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “ஒரு மாசமா என்ற மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிப்போட்டயே,” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பேச்சில்லை, சாப்பாடில்லை. போனில் உன் குரலைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து வாசலில் நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. அம்மாதான் உள்ளே கூப்பிட்டாள். “நான் போய்க் கூட்டியாறனுங்க அத்தை,” என்றார்.

“நீங்க கூட்டியாற வேண்டாமுங்க மாப்ள. அவ ஓட்டியாருவா. எனக்கு ஒரு டிக்கெட்டப் போட்டு, அங்க கொண்டு போய் உடுங்க. போதும்.”

“அம்மா, அங்க குளிருங்கம்மா. உங்களால முடியாது,” என்றேன்.

“களத்துல அந்த வெயில்ல நிக்கறவளுக்குக் குளிரு என்ன பண்ணிப்போடும்? நீ சும்மா இரு. பொய் சொன்ன வாயி.”

அண்ணியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பை நிறைய வெல்லமும் பொட்டுக்கடலையும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மில்லில் சொல்லக்கூட இல்லை. இன்றைக்குக் காலை பீளமேடு ஏர்போர்ட்டில் மாப்பிள்ளையோடு ஏற்றிவிட்டேன். உள்ளே போகும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சண்டிகரில் போய்க் கூட்டிக்கொள்.

அண்ணன்
கௌதமன்


ஜான்சி
16 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். புண் காய்ந்துவிட்டது. வெயில் பக்கம் வந்துவிட்டதால் பேட்டரியும் பழையபடி ஏறுகிறது.

சண்டிகரில் என்னைப் பார்த்ததும் அம்மா கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கையைத் திருப்பித் தையலைப் பார்த்தாள், தோளில் ஒரு அடி வைத்தாள், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார். மெலிந்திருக்கிறார். “நான் துடியலூருக்கே போய் நம்ம ஊட்டுல இருக்கறேன். நீ வந்து பேசு. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்,” என்றார். நான் அம்மாவின் பையை வண்டியில் ஏற்றினேன். அவர் ரயிலுக்குப் போய்விட்டார்.

முதல் இரண்டு ராத்திரி அம்மா என் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் விரல் குத்தி ரத்தம் பார்க்கும் மெஷினைக் கேட்டாள். இவ்வளவு என்றால் வெல்லம், இவ்வளவு என்றால் ஊசி என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவளே பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் படுத்துக் குறட்டை விடுகிறாள்.

நேற்று சாலை நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் கடுகு விதைத்த காடு, இப்போதுதான் முளை விட்டிருக்கிறது. அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

“அம்மா, அவருக்கு என்னங்கம்மா பதில் சொல்லட்டும்?”

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ஊரு இன்னும் எத்தன தூரமிருக்குது?”

“நாலஞ்சு நாளாகும்.”

“அப்பறம் என்ன அவசரம்? ரோட்டப் பாத்து ஓட்டு, கண்ணு.”

ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அண்ணா.

அன்புத் தங்கை
யுவா